22 நாள் கணக்கு: கையில் காசு குறைவாக உள்ள வேட்பாளர் பணம் திரட்டுவதும் செலவை எழுதுவதும்

2016 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் எங்கள் ஊர் ஹெச்எம் சார் என் கடை வாசலில் வந்து நின்றார். நான் வருமான வரி ரிட்டர்னும், கடைக்காரர்களுக்கு வரவு செலவும் எழுதிக் கொடுப்பவள். ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர் அவர். "ஏம்மா, சட்டமன்றத்துக்குச் சுயேச்சையா நிக்கலாம்னு இருக்கேன். கணக்கை நீ பார்த்துக்கிறியா?" என்றார். "பார்த்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அவருடைய தேர்தல் முகவராகவும் ஆனேன்.

அந்தத் தேர்தலிலும், 2021-இல் இன்னொரு சுயேச்சைக்குக் கணக்கு எழுதியபோதும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பெரிய கட்சி வேட்பாளருக்குக் கணக்கு எழுத ஆடிட்டர் இருப்பார், வக்கீல் இருப்பார். இது அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு. நான் பார்த்த வரை, சின்ன வேட்பாளர் யாரும் வரம்பை மீறிச் செலவழித்து மாட்டிக்கொள்வதில்லை. அன்றன்றைய செலவை அன்றன்றைக்கு எழுதாமல் விட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டம் கேட்பது என்ன?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 77-ஆவது பிரிவு சொல்வது சுருக்கமானது. வேட்புமனு கொடுத்த நாளில் தொடங்கி முடிவு அறிவித்த நாள் வரை, அந்த இரண்டு நாளையும் சேர்த்து, வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ செய்த செலவுக்கும், செய்யச் சொன்ன செலவுக்கும் தனியாக, சரியாகக் கணக்கு வைக்க வேண்டும். எங்கள் சார் ஏப்ரல் 28 மனு கொடுத்தார், மே 19 முடிவு வந்தது. எங்கள் கணக்கு 22 நாள்.

அப்புறம் வரம்பு. 2016-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 28 லட்சம். 2020-இல் அதை 30.8 லட்சமாக்கினார்கள். 2022 ஜனவரியில் 40 லட்சம் ஆனது. மக்களவைக்கு 95 லட்சம். இதைத் தாண்டிச் செலவழித்தால் 123-ஆவது பிரிவின்படி அது ஊழல் நடவடிக்கை. முடிவு வந்த 45 நாளுக்குள் யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு நிரூபித்தால் வெற்றி செல்லாது. ஆறு ஆண்டு வரை தேர்தலில் நிற்கத் தடையும் வரலாம்.

இந்த வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்குக் கிடையாது. இதைக் கேட்டு சார் அன்று ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 1974-இல் டெல்லி தொகுதி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்குத் தெரிந்தே கட்சி அவருக்காகச் செய்த செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று சொன்னது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்புக்குப் பலன் இல்லாமல் செய்துவிட்டார்கள். 2003-இல் மறுபடியும் திருத்தி, தலைவர்களுடைய பயணச் செலவுக்கு மட்டும் விலக்கு என்று குறுக்கினார்கள். இன்று அங்கீகாரம் பெற்ற கட்சி 40 பேரையும், பதிவு மட்டும் பெற்ற கட்சி 20 பேரையும் நட்சத்திரப் பேச்சாளராக அறிவிக்கலாம். ஹெலிகாப்டரில் வந்தாலும் அவர்கள் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. ஆனால் அதே மேடையில் வேட்பாளரும் ஏறினால் மேடைச் செலவில் பங்கு அவர் கணக்குக்கு வரும். சுயேச்சைக்கு இந்த விலக்கு எதுவும் இல்லை. சார் சைக்கிளில் போனால் அந்த சைக்கிளில் கட்டிய கொடியும் கணக்குத்தான். இது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் சட்டம் இருக்கிறபடி எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் வங்கிக் கணக்கு

மனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாவது, தேர்தலுக்கென்றே புதுக் கணக்கு ஒன்று தொடங்கியிருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பென்ஷன் கணக்கு, கூட்டுறவுச் சங்கக் கடன் கணக்கு எதுவும் ஆகாது. வேட்பாளர் பெயரில் தனியாகவோ, வேட்பாளரும் தேர்தல் முகவரும் சேர்ந்தோ தொடங்கலாம். முகவராக இல்லாத மனைவி, மகன், தம்பி யாரையும் கூட்டாகச் சேர்க்கக் கூடாது. மனு கொடுக்கும்போதே அந்தக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாங்கள் ஏப்ரல் 26 தொடங்கினோம். செக் புத்தகத்தைக் கேட்டு வாங்காமல் வங்கியை விட்டு வராதீர்கள். தபாலில் வரட்டும் என்று விட்டால் பிரச்சாரம் முடிந்த பிறகுதான் வந்து சேரும்.

சொந்தப் பணமாக இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கில் போட்டு, இதிலிருந்து எடுத்துத்தான் செலவழிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சட்டைப்பையிலிருந்து எடுத்து டீக்குக் கொடுத்துவிட்டு "என் காசுதானே" என்கிறார்கள். உங்கள் காசுதான். ஆனால் அது தேர்தல் கணக்கு வழியாக வரவில்லை என்றால் புத்தகத்தில் வரவே இல்லாத செலவாக நிற்கும். சாரிடம் முதல் நாளே அவருடைய பர்ஸை வாங்கி அவர் வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 5,000. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பி வரும். சின்ன வேட்பாளர்கள் அந்தப் பணத்தை வராது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

பணம் எங்கிருந்து வரலாம்

மூன்று வழி: சொந்தப் பணம், கட்சி தருவது, மற்றவர்கள் தரும் நன்கொடை அல்லது கடன். கடைசியில் கொடுக்கும் அறிக்கையில் இந்த மூன்றுக்கும் 7, 8, 9 என்று தனித்தனி இணைப்புகள் உண்டு. ஒன்பதாவதில் கொடுத்தவர் பெயரும் முகவரியும் வேண்டும். அதனால் பெயரில்லாத பணத்தை வாங்காதீர்கள்.

சாருக்கு ஒரு ஆசை இருந்தது. கூட்டத்தில் பேசி முடித்ததும் துண்டை ஏந்திப் போனால் ஜனங்கள் போடுவார்கள் என்றார். போடுவார்கள்தான். ஆனால் துண்டில் விழுந்த நோட்டுக்கு யார் பெயரை எழுதுவது? அதனால் அச்சகத்தில் சொல்லி இரட்டைத் தாள் ரசீதுப் புத்தகம் மூன்று அடித்தோம். பெயர், தெரு, தொகை, தேதி, கையெழுத்து. ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் ரசீது. பூக்கட்டும் அக்கா ஒருவர் 100 ரூபாய் கொடுத்துவிட்டு, "எனக்கெதுக்கு சீட்டு?" என்றார். "உங்களுக்கு இல்லக்கா, எனக்கு" என்று சொல்லிக் கிழித்துக் கொடுத்தேன். கடைசியில் 163 பேர் 1,42,500 ரூபாய் கொடுத்திருந்தார்கள். சார் போட்டது 75,000.

ரொக்கத்தில் வாங்குவதற்கு வரம்பு உண்டு. 2016-இல் ஒருவரிடம் 20,000 வரை. 2018 நவம்பரிலிருந்து 10,000. அதற்கு மேல் என்றால் செக், டிடி, வங்கிப் பரிமாற்றம். இப்போது க்யூஆர் அட்டை வைக்கிறார்கள், நல்ல வழி. ஆனால் அந்த க்யூஆர் தேர்தல் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். 2021-இல் நான் கணக்கு எழுதியவர் தன் சொந்த ஜிபே எண்ணை நோட்டீஸில் போட்டுவிட்டார். முப்பது நாற்பது பேர் அனுப்பிய பணத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்தல் கணக்குக்கு மாற்றி, பெயர் கேட்டு எழுதி முடிக்க இரண்டு ராத்திரி போயிற்று.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். அனுப்புகிறவர் இந்தியக் குடிமகனா, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரா என்று முதலில் கேளுங்கள். வேட்பாளர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010 தடுக்கிறது. சிங்கப்பூர் பாஸ்போர்ட் வாங்கிவிட்ட பழைய மாணவர் ஒருவர் சாருக்கு அனுப்பத் துடித்தார். வேண்டாம் தம்பி, தொலைபேசியில் நாலு பேரிடம் பேசுங்கள், அது போதும் என்று சார் சொல்லிவிட்டார்.

கொடுப்பவர்கள் சிலர் "வரியில் கழிக்கலாமா?" என்றும் கேட்பார்கள். அந்தச் சலுகை பதிவு பெற்ற கட்சிக்குக் கொடுத்தால்தான். சுயேச்சைக்குக் கொடுத்தால் கிடையாது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்தல் பத்திரமும் கட்சிகளுக்கானதாகத்தான் இருந்தது. நமக்கு அதில் வேலை இல்லை.

வெள்ளை, ரோஸ், மஞ்சள்

மனு கொடுக்கும்போது தேர்தல் நடத்தும் அலுவலர் ஒரு பதிவேடு தருவார். அதில் மூன்று பகுதி. வெள்ளைத் தாள் அன்றாடச் செலவுக் கணக்கு. ரோஸ் தாள் ரொக்கப் பதிவேடு. மஞ்சள் தாள் வங்கிப் பதிவேடு. கடையில் கணக்கு எழுதிப் பழகியவருக்கு இது பெரிய விஷயமில்லை. பழகாதவருக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன்.

வங்கியிலிருந்து 5,000 எடுக்கிறீர்கள். மஞ்சளில் அது பற்று. அதே 5,000 ரோஸ் தாளில் வரவு. அதிலிருந்து பந்தல்காரருக்கு 1,800 கொடுக்கிறீர்கள். ரோஸில் 1,800 செலவு, கையிருப்பு 3,200. வெள்ளைத் தாளில் அன்றைய தேதியில் "தெருமுனைக் கூட்டம், பந்தல், நாற்காலி, 1,800", வாங்கியவர் பெயர், முகவரி, வவுச்சர் எண். பாதிதான் கொடுத்தீர்கள், பாக்கி இருக்கிறது என்றால் அந்தப் பாக்கியும் வெள்ளைத் தாளில் அன்றைக்கே ஏற வேண்டும். பணம் கைமாறிய நாள் வேறு, செலவு உண்டான நாள் வேறு.

வவுச்சருக்கு ஒன்றிலிருந்து வரிசையாக எண் போடுங்கள். தபால் தலை, ரயில் டிக்கெட் போல ரசீது வாங்க முடியாத சில்லறைக்கு மட்டும்தான் விதி விலக்குத் தருகிறது. டீக்கடைக்காரரிடம் பில் புத்தகம் இருக்காது. நாமே ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவருக்கு மொத்தத் தேர்தலிலும் சேர்த்து ரொக்கமாகக் கொடுக்கக்கூடியது 10,000 ரூபாய்தான். ஒரு நாளைக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2021-இல் ஒரே மெஸ்ஸில் தினம் 900 ரூபாய்க்குச் சாப்பாடு வாங்கினோம். 12-ஆம் நாள் 10,800 ஆகிவிடும் என்று ஒன்பதாம் நாள் கூட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து மெஸ்காரருக்கு வங்கி வழியாகக் கொடுத்தோம். தினமும் வாங்கும் கடை எதுவானாலும், டீசல் பங்க் உட்பட, முதல் நாளிலிருந்தே வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள்.

எழுதும் நேரம் ராத்திரி பத்தரை. பிரச்சாரம் முடித்துப் பையன்கள் வந்ததும் சட்டைப்பையைக் காலி செய்யச் சொல்வேன். பில், மீதிச் சில்லறை, எல்லாம் மேசைமேல் வரும். எண்ணி, எழுதி, கையிருப்பு ரோஸ் தாளோடு ஒத்துப்போனால்தான் லைட்டை அணைப்பேன். ஒருநாள் 40 ரூபாய் இடித்தது. ஒரு மணி நேரம் தேடினோம். ஆட்டோவுக்குப் பஞ்சர் ஒட்டிய காசு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் அந்த 40 ரூபாய் என்றைக்கும் கிடைத்திருக்காது.

செலவு எங்கே எப்படி

மனு கொடுப்பதற்கு முன்பே அடித்துவைத்த நோட்டீஸானாலும், மனுவுக்குப் பிறகு பயன்படுத்தினால் செலவில் சேரும். மனு கொடுக்கப் போகும் ஊர்வலமும் சேரும். மேளம், மாலை, பட்டாசு எல்லாம்.

அச்சடிக்கும்போது 127ஏ பிரிவை நினைவில் வையுங்கள். நோட்டீஸ், போஸ்டர் எதிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சான்றளித்த உறுதிமொழி இல்லாமல் அச்சகத்தார் அடிக்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் அச்சகத்தார் பழைய ஆள், அவரே இதைக் கேட்டு வாங்கினார். எண்ணிக்கையையும் பில்லில் போடச் சொல்லுங்கள்.

தொலைக்காட்சி, கேபிள், வானொலி, இணையம் எதில் விளம்பரம் கொடுத்தாலும் மாவட்டத்தில் இருக்கும் ஊடகச் சான்றிதழ்க் குழுவிடம் முன்னதாகவே அனுமதி வாங்க வேண்டும். விளம்பரம் வெளியாகும் நாளுக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

அடுத்தது வண்டி. எங்களுக்கு அடி விழுந்தது இங்கேதான். சாருடைய பழைய மாணவர் ஒருவர் தன் குட்டி யானை வண்டியை மே 5 முதல் 14 வரை இலவசமாக விட்டார். அனுமதிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினோம். டீசலை மட்டும் எழுதினேன். வாடகை இல்லையே, எதை எழுதுவது என்று விட்டேன். நான்காம் நாள் கிளட்ச் போய் வண்டி பட்டறைக்குப் போனது. அப்புறம் வரவே இல்லை. அனுமதிச் சீட்டு அதன் கண்ணாடியிலேயே இருந்தது.

பிரச்சாரக் காலத்தில் அதிகாரிகள் நம் கணக்கைச் சரிபார்ப்பார்கள். இரண்டாவது ஆய்வில் அவர்கள் வைத்திருந்த பதிவேட்டைப் பார்த்தால், அனுமதி வாங்கிய பத்து நாளுக்கும் வாடகை ஏறியிருக்கிறது. எங்கள் புத்தகத்தில் பூஜ்யம். இலவசமாகக் கிடைத்த வண்டி என்பது பொருளாக வந்த நன்கொடை. மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிடும் விலைப் பட்டியலின்படி அதற்கு மதிப்புப் போட்டு வரவிலும் காட்ட வேண்டும், செலவிலும் காட்ட வேண்டும். ஓடாத வண்டியின் அனுமதிச் சீட்டை எழுத்து மூலம் திருப்பிக் கொடுத்தால்தான் ஓடவில்லை என்று ஆகும். நாங்கள் கொடுக்கவில்லை. பத்து நாள் வாடகையையும் ஏற்றுக்கொண்டு எழுதினோம். அதனால் வரம்பைத் தாண்டவில்லைதான். ஆனாலும் ஆறு நாள் ஓடாத வண்டிக்குச் சார் பெயரில் செலவு நிற்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

ஆதரவாளர்கள் ஆர்வத்தில் தாங்களாகவே பேனர் அடிப்பார்கள், மைக் செட் பிடிப்பார்கள். வேட்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அவருக்காகச் செலவு செய்வது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 171ஹெச், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 176. தெருத் தெருவாக நம்பிக்கையான ஒருவரை வைத்து, எது செய்தாலும் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லி வையுங்கள்.

வாக்குப்பதிவு அன்று சாவடிக்கு வெளியே போடும் மேசை, இரண்டு நாற்காலி, பூத் ஏஜென்ட் சாப்பாடு, எண்ணிக்கை நாள் சாப்பாடு இவையும் செலவுதான். பிரச்சாரம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆரத்தித் தட்டு

பெண்கள் வாசலில் ஆரத்தி எடுத்தால் தட்டில் காசு போடுவது நம் ஊர் வழக்கம். வேட்பாளர் போட்டால் அது வாக்குக்குப் பணம் என்று வழக்காகும். வரம்புக்குள் இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே வராது. லஞ்சத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமே இல்லை. சாருக்கு இது கஷ்டமாக இருந்தது. தட்டைப் பார்த்ததும் கை பைக்குப் போய்விடும். பர்ஸ் இல்லாதது அங்கேயும் உதவியது. கையெடுத்துக் கும்பிட்டு, "வாத்தியார் பணம் போடமாட்டேன் தாயி, ஆசீர்வாதம் மட்டும் பண்ணுங்க" என்பார். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் போகும் வண்டியில் 50,000-க்கு மேல் ரொக்கம் இருந்தாலும், 10,000-க்கு மேல் மதிப்புள்ள பரிசுப் பொருள் இருந்தாலும் பறக்கும் படையும் நிலை கண்காணிப்புக் குழுவும் பறிமுதல் செய்யலாம். வங்கியில் எடுத்த ரொக்கத்துக்குச் சீட்டை எப்போதும் கூடவே வைத்திருங்கள்.

இந்த மாநிலத்தில் பணம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நாங்கள் ஐம்பது ரூபாய்க்கு ரசீது கிழித்துக்கொண்டிருந்த அதே மே மாதம், அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் என்று அது தொடர்ந்தது.

நாற்காலி எண்ணுகிறவர்

நாம் புத்தகம் எழுதுவது போலவே அவர்களும் நம்மைப் பற்றி ஒன்று எழுதுகிறார்கள். அதற்கு நிழல் கண்காணிப்புப் பதிவேடு என்று பெயர். வீடியோ குழு நம் கூட்டத்துக்கு வரும். படம் எடுக்கத் தொடங்கும்போதே கேமராக்காரர் தேதி, இடம், வேட்பாளர் பெயர், மேடை அளவு, நாற்காலி எண்ணிக்கை, வண்டி எண் எல்லாவற்றையும் வாயாலும் சொல்லிப் பதிவு செய்வார். முதல் முறை பார்த்தபோது சார் பேசுவதைவிட அவர் எண்ணுவதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை நம் பதிவேட்டைப் பார்ப்பார். தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். போகாமல் இருந்தால் நோட்டீஸ் வரும், வண்டி அனுமதியும் ரத்தாகும். பதிவேடு, பில்கள், வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். அங்கே இரண்டு புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் விரியும். வித்தியாசம் இருந்தால் நோட்டீஸ் தருவார்கள், 48 மணி நேரத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும்.

முதல் ஆய்வில் ஒரு கூட்டத்துக்கு அவர்கள் எழுதியிருந்தது 200 நாற்காலி. எங்கள் பில்லில் 120. அந்த மைதானத்தின் ஓரத்தில் கோயில் திருவிழாவுக்கு வந்த நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. பந்தல்காரரிடம் போய், தான் அனுப்பியது 120 என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வாங்கினேன். நான் என் போனில் எடுத்திருந்த படத்தையும் அச்சுப் போட்டு மறுநாளே பதிலாகக் கொடுத்தேன். அவர்கள் வீடியோவைத் திரும்பப் பார்த்து 120 என்று திருத்தினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு நானும் நாலு மூலையிலிருந்து படம் எடுத்து வைத்துக்கொள்வேன். நீங்களும் செய்யுங்கள். விலைப் பட்டியலையும் முதல் நாளே வாங்கி, எந்த விலை நம் ஊர் விலைக்குப் பொருந்தவில்லையோ அதை அப்போதே எழுதிக் கேளுங்கள்.

முடிவு வந்த பிறகு

தோற்ற அன்றைக்குக் கணக்குப் புத்தகத்தைத் தொட யாருக்கும் மனம் வராது. சாருக்கு டெபாசிட் போயிற்று. இரண்டு நாள் நானும் கடையைத் திறக்கவில்லை. ஆனால் முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டர் அலுவலகத்தில், முழுக் கணக்கையும் கொடுத்தாக வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

கொடுக்க வேண்டியவை: மூன்று பகுதிப் பதிவேட்டின் மூலப் பிரதி, வரிசை எண் போட்ட வவுச்சர்கள், வேட்பாளர் கையெழுத்திட்ட வங்கி ஸ்டேட்மென்ட், இணைப்புகளோடு தொகுப்பு அறிக்கை, நோட்டரி முன்பு எடுத்த உறுதிமொழிப் பத்திரம். முகவர் எழுதினாலும் அறிக்கையில் வேட்பாளர்தான் கையெழுத்திட வேண்டும்.

26-ஆம் நாள் கணக்கு ஒப்பிடும் கூட்டம் ஒன்று நடக்கும். எங்களுக்கு ஜூன் 14. அவர்கள் பதிவேட்டுக்கும் நம்முடையதற்கும் மிச்சமிருக்கும் வித்தியாசத்தைப் பேசித் தீர்க்கக் கடைசி வாய்ப்பு அதுதான், தவறவிடாதீர்கள். 30-ஆம் நாள் சனிக்கிழமை விழுந்தது. அதை நம்பாமல் வியாழக்கிழமையே கொடுத்துவிட்டோம்.

கொடுக்காவிட்டால் 10ஏ பிரிவின்படி ஆணையம் மூன்று ஆண்டுக்குத் தேர்தலில் நிற்கத் தடை போடும். ஆணையம் வெளியிடும் தடைப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன், சுயேச்சைகள் நிறைய இருப்பார்கள். ஜெயித்தவர்களும் தப்பவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதியில் 2007-இல் ஜெயித்த உம்லேஷ் யாதவ், செய்தி போல வெளியிட வைத்த விளம்பரத்தின் செலவைக் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் தகுதி இழந்தார். பதவியில் இருக்கும்போதே அப்படி இழந்த முதல் எம்எல்ஏ அவர்தான்.

கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். எல்லாத் தாளுக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அப்புறம் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு ரூபாய் கட்டணம் கட்டினால் எந்த வேட்பாளரின் கணக்கையும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது. நான் போய் எங்கள் தொகுதியில் நின்ற மற்றவர்களின் கணக்கையும் பார்த்தேன். எப்படி எழுதக் கூடாது என்பதில் பாதியை அங்கேதான் கற்றேன்.

கடைசியாக எங்கள் கணக்கு: கையில் வந்தது 2,17,500. செலவு 2,14,360. மிச்சம் 3,140. சார் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கை நகல் எடுத்துக் கொடுக்க வைத்துக்கொண்டோம். முடிவு நாளுக்குப் பிந்திய செலவு என்பதால் அந்த நகல் செலவு தேர்தல் கணக்கில் சேராது. ஒரே பக்கத்தில் வரவும் செலவும் எழுதி, 163 நகல் எடுத்து, ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகக் கொடுத்தோம். எட்டு நாள் ஆயிற்று. பூக்கட்டும் அக்கா அதை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, மைக் செட்டுக்கு இவ்வளவா என்று கேட்டார். சார் திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.